ரிலே கழற்றிய இடத்தில் ஒரு ஒயர்

தில்ஷாத் பயந்த சுபாவக்காரி என்பது மத்திகிரி தாண்டி தேன்கனிக்கோட்டை சாலையில் கார் ஓட்டுகிற பாதிப் பேருக்குத் தெரியும். வண்டி ஒன்று அவர்களுடைய மெக்கானிக் கொட்டகைக்குள் வந்து நின்றால், வேறு யாராக இருந்தாலும் பானட்டைத் திறந்துகொண்டே என்ன கோளாறு என்று விசாரிப்பார்கள். இவள் முதல் காரியமாக பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி ஓரமாகச் சாய்த்து வைப்பாள். அப்புறம்தான் பேச்சு. ஒரு பியூஸைப் பிடுங்குவதென்றால் அது எந்தக் குழியில் இருந்தது என்று போனில் படம் எடுத்துக்கொள்வாள். வேலை முடிந்ததும் படத்தையும் பெட்டியையும் மூன்று தடவை ஒப்பிட்டுப் பார்ப்பாள்.

"உனக்கு ஆம்புலன்ஸ் ஓட்டற வேலை குடுத்தா, பேஷண்ட் போய்ச் சேந்த அப்பறந்தான் வண்டிய எடுப்ப" என்பான் கணவன் சமீர். அவள் சிரிக்கமாட்டாள். கரண்டு பார்க்கிற மல்டிமீட்டரின் முள்ளைத் துடைத்துக்கொண்டிருப்பாள்.

கேலி செய்கிறவர்கள் செய்துவிட்டுப் போகட்டும். ஆறு வருஷமாக அவள் கைபட்ட வண்டி ஒன்றுகூடத் திரும்பி வந்து நின்றதில்லை. பயப்படுகிறவர்களைப் பார்த்துச் சிரிப்பது சுலபம். அவர்கள் கையில் வண்டியை விட்டுவிட்டுப் போய் நிம்மதியாகத் தூங்குவதும் நாம்தான்.

கல்யாணத்துக்கு முன்னும் பின்னுமாக ஒன்பது வருஷம் ஓசூர் சிப்காட்டில், வண்டிகளுக்கு ஒயர் கட்டுகள் செய்கிற ஒரு கம்பெனியில் அவள் வேலை பார்த்தாள். பெரிய பலகையில் நூற்றுக்கணக்கான ஒயர்களை நிறம் பார்த்துப் பரப்பி, கிளை பிரித்து, டேப் சுற்றி, முனைகளில் கனெக்டர் மாட்டுகிற வேலை. வரிசை முழுக்கப் பெண்கள்தான். இரண்டாவது மகள் அஸ்பியா பிறந்ததும் ஷிஃப்ட் ஒத்துவரவில்லை, நின்றுவிட்டாள். சமீர் எஞ்சின், பிரேக் வேலைகளில் கெட்டிக்காரன். ஒயர் என்றால் அவனுக்கு ஆகாது. ஒருநாள் அவன் ஒரு காரின் டாஷ்போர்டைப் பிரித்துப் போட்டுவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது, சோறு கொண்டுவந்தவள் எட்டிப் பார்த்து, "அந்தப் பச்சைல மஞ்சக் கோடு போட்டது கழண்டிருக்குதுங்க" என்றாள். அன்றிலிருந்து கொட்டகையின் ஒயர் வேலை அவளுடையதாகிவிட்டது.

இப்போதைய கார்களில் ஹாரன், கண்ணாடி, வைப்பர், கதவுப் பூட்டு எல்லாவற்றுக்கும் ஒரே பெட்டிதான் உத்தரவு போடுகிறது. பி.சி.எம். என்பார்கள். சமீர் அதை 'மூளை' என்பான். மூளை நேரடியாகப் பெரிய கரண்டைத் தொடுவதில்லை. ரிலே என்கிற சின்ன டப்பாவுக்கு ஒரு மெல்லிய ஒயர் வழியாகச் சொல்லி அனுப்பும். ரிலே 'டக்'கென்று உள்ளே ஒட்டிக்கொண்டு மோட்டாருக்குக் கரண்டை விடும். எதுவும் ஓடவில்லை என்றால் ஓசூரில் பாதிப் பேர் மூளை போய்விட்டது, புதிது போடவேண்டும் என்று சொல்லிவிடுவார்கள். தில்ஷாத் அப்படிச் சொன்னதில்லை. ரிலேயைக் கழற்றுவாள். அது உட்கார்ந்திருந்த நாலு ஓட்டைகளையும் ஒவ்வொன்றாக மீட்டரால் விசாரிப்பாள். கரண்டு வந்து காத்திருக்கிறதா, மோட்டார் பக்கம் சரியா, உத்தரவு வருகிறதா, எங்கே நிற்கிறது என்று பொறுமையாகக் கேட்டுக்கொண்டே போவாள். பதில் எப்படியும் வந்துவிடும்.

இதில் ஒரு சோதனைக்கு மட்டும் அவளுக்கே உள்ளூர நடுக்கம். ரிலேக்குப் பதிலாக இரண்டு ஓட்டைகளுக்கு நடுவே ஒரு துண்டு ஒயரைச் செருகி, கரண்டை நேராக மோட்டாருக்கு விட்டுப் பார்ப்பது. மோட்டார் ஓடினால் அந்தப் பக்கம் நல்லது, பழுது உத்தரவு வருகிற வழியில் இருக்கிறது என்று அர்த்தம். இரண்டு நிமிஷ வேலை. ஆனால் அந்த ஒயரை எடுக்க மறந்தால் போச்சு. கம்பெனியில் தற்காலிகமாக எதை மாட்டினாலும் சிவப்பு அட்டை கட்டவேண்டும், அட்டை இருக்கிற வரை அந்தக் கட்டு வாசலைத் தாண்டக்கூடாது. அதே சட்டத்தை அவள் கொட்டகைக்கும் கொண்டுவந்திருந்தாள். துண்டு ஒயர் உள்ளே போனால் ஸ்டியரிங்கில் சிவப்பு டேப் சுற்றிவிடுவாள். டேப்பைப் பார்த்தால் சமீர் சாவியைத் தொடமாட்டான்.

அந்த வியாழக்கிழமை வந்தது கோபியின் கார். கோபி வண்டிக் கம்பெனி ஒன்றில் பெயிண்ட் பிரிவில் இருக்கிறான். அவன் சொல்லித்தான் அவனோடு வேலை பார்க்கிற இருபது, முப்பது பேர் சமீரின் கொட்டகைக்கு வண்டி விடுகிறார்கள். இரண்டாம் கையாக வாங்கிய காரில் ஏசி காற்று வரவில்லை. காற்றைத் தள்ளுகிற ப்ளோயர் நின்று நின்று ஓடி, முந்தைய நாளிலிருந்து சுத்தமாகப் படுத்துவிட்டது.

"அக்கா, இன்னைக்கு எப்படியாவது வேணும். பொண்டாட்டியையும் பதினேழு நாள் பிள்ளையையும் மாமியார் ஊடு நாட்றாம்பாளையம் கூட்டிட்டுப் போவணும். அத்தை வந்து குந்திட்டிருக்காங்க. ஒன்றரைக்கு ராகு காலம், அதுக்கு முந்தி ஓசூரத் தாண்டணும்ன்றாங்க" என்றான்.

"பன்னெண்டரைக்கு வா தம்பி" என்றாள் தில்ஷாத்.

ரிலே நன்றாக இருந்தது. ஓட்டையில் கரண்டு இருந்தது. கைக்குக் கிடைத்த மெல்லிய துண்டு ஒயரைச் செருகி, காற்றின் வேகத்தை ஒன்றில் வைத்தாள். ப்ளோயர் சீராக ஓடியது. மோட்டார் நல்லது, உத்தரவு ஒயர்தான் எங்கேயோ அறுந்து தொட்டுக்கொண்டிருக்கிறது. டேப்பைத் தேடினாள், தீர்ந்துபோயிருந்தது. வேலையில்லாத நேரத்தில் எம்பிராய்டரி போடுவதற்காக வைத்திருந்த சிவப்பு நூலை எடுத்து, நாலைந்து இழையாக முறுக்கி, ஸ்டியரிங்கில் மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டினாள். ரிலேயை மேல்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். இடது பக்கம் டாஷ்போர்டில் காகிதம் வைக்கிற பெட்டிக்குப் பின்னால்தான் ரிலேக்கள். அந்தப் பெட்டியின் மூடியை மூடும்போது ஒயர்கள் நசுங்குகின்றனவோ என்று ஒரு சந்தேகம். அதைப் பார்ப்பதற்காக மூடியைச் சாத்தினாள்.

அப்போதுதான் போன் வந்தது. ராயக்கோட்டை மண்டிக்குத் தக்காளி ஏற்றிப் போன வாடிக்கைக்காரர் மாதப்பனின் வேன் கெலமங்கலம் போகிற வழியில் நின்றுவிட்டது, வெயிலில் தக்காளி வதங்குகிறது. சமீர் ஸ்பேர் வாங்க ஓசூருக்குப் போயிருந்தான். கூப்பிடு தூரம்தானே என்று மீட்டரையும் பையையும் எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் கிளம்பினாள்.

வேனின் கோளாறு சின்னதுதான், ஆனால் கண்டுபிடிக்க நேரமானது. திரும்பி வந்தபோது மணி ஒன்று ஆகப் பத்து நிமிஷம். கோபியின் கார் இருந்த இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது.

"கோபி வண்டி எங்கீங்க?"

"பதினொன்றரைக்கே வந்து எடுத்துட்டான். அவங்க அத்தை தொல்லை தாங்கலையாம். காத்து ஜில்லுன்னு வந்துச்சு, குடுத்துட்டன்" என்றான் சமீர், கையைத் துடைத்துக்கொண்டே.

தில்ஷாத்தின் கை தானாக மேல்சட்டைப் பைக்குப் போனது. ரிலே அங்கேதான் இருந்தது.

"ஸ்டியரிங்குல செவப்பு நூல் கட்டியிருந்தனே."

"அது அவங்க கோயில் கயிறு இல்லையா? முன்னாடி எலுமிச்சம்பழம், குங்குமம் எல்லாம் இருந்துச்சு. மூணு முடிச்சு வேற. நம்ம கை படக்கூடாதுன்னு நான் ஓரமாப் புடிச்சு ஓட்டி வெளியே வுட்டன்."

மரியாதைதான். அதில் சமீரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. தில்ஷாத் டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"உள்ள துண்டு ஒயர் இருக்குதுங்க. நூல் மாதிரி ஒயரு. ஒண்ணுல வெச்சா தாங்கும். நாலுல வெச்சா ஒயர் பழுத்துடும். பியூஸ் பெருசு, அது போவாது. ஒயர் உருகி, பிளாஸ்டிக்கு பத்தும்."

சமீரின் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. "நாலுலதான் வெச்சிப் பாத்தான். சூப்பர் பாய்ன்னான்" என்றான்.

கோபிக்குப் போன் போட்டாள். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி போட்டாள். மூன்றாம் தடவை, தொடர்பு எல்லைக்கு அப்பால் இருப்பதாக ஒரு குரல் முதலில் தமிழிலும் பிறகு ஆங்கிலத்திலும் நிதானமாகச் சொன்னது. தேன்கனிக்கோட்டையைத் தாண்டினால் அஞ்செட்டிக் காடு. அங்கே சிக்னல் வந்து வந்து போகும்.

சமீர் பைக்கை எடுத்தான். அவள் பின்னால் ஏறினாள். கொட்டகையைப் பூட்டவில்லை.

அந்த இருபத்தைந்து கிலோமீட்டரை தில்ஷாத் தன் வாழ்நாளில் மறக்கமாட்டாள். கண்ணை மூடினால் ஒயரின் மேல்தோல் பளபளத்து, இளகி, சொட்டுவது தெரிந்தது. கண்ணைத் திறந்தால் வெயில். இந்த வெயிலில் யார் ஏசியை ஒன்றில் வைப்பார்கள்? யானை நடமாட்டம் உள்ள சாலை, கண்ணாடியை இறக்கமாட்டார்கள். பச்சை உடம்புக்காரியும் பிள்ளையும் பின்சீட்டில். புகை வந்தால் முதலில் யாருக்குத் தெரியும்? காட்டுக்குள் வண்டியை நிறுத்தி இறங்கத்தான் துணிவார்களா? துவா ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தாள். பாதியில் வார்த்தை மறந்துபோய் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். நாலு தடவையும் அதே இடத்தில்தான் நின்றது.

தேன்கனிக்கோட்டையைத் தாண்டி ஒரு வளைவில், தூரத்தில் கறுப்பாகப் புகை எழும்பியது. அவள் சமீரின் தோளை இறுகப் பிடித்தாள். நகம் பதிந்தது. அருகே போனபோது ஒரு தோட்டத்தில் காய்ந்த தக்காளிக் கொடிகளையும் கிழிந்த பிளாஸ்டிக் விரிப்பையும் போட்டுக் கொளுத்திக்கொண்டிருந்தார்கள். கொளுத்தியவர் இவர்களைப் பார்த்துக் கையைத் தூக்கி வணக்கம் வேறு சொன்னார். தில்ஷாத்துக்கு அழுகை வந்தது. இன்னும் சாலை பாக்கி இருந்ததால் அதை விழுங்கிக்கொண்டாள்.

காடு ஆரம்பிக்கிற இடத்துக்குச் சற்று முன்னால் ஒரு டீக்கடை. எதிரே புளியமரத்தடியில் கோபியின் கார் நின்றது. நாலு கதவும் திறந்து கிடந்தன. உள்ளே யாருமில்லை.

பைக் நிற்பதற்குள் அவள் குதித்துவிட்டாள். ஓடும்போதுதான் டீக்கடை பெஞ்சில் அவர்கள் உட்கார்ந்திருப்பது கண்ணில் பட்டது. துணியில் சுற்றிய பிள்ளையோடு கோபியின் மாமியார் ஜோதியம்மாள். பக்கத்தில் காதில் பஞ்சு வைத்து, தலையில் துண்டு கட்டிய அவன் மனைவி யுவஸ்ரீ. தள்ளி நின்று முறைத்துக்கொண்டிருந்தான் கோபி. மூன்று பேர், ஒரு பிள்ளை. அவள் எண்ணிப் பார்த்துவிட்டு நேராக காருக்குள் பாய்ந்தாள்.

மூடியைத் திறந்து கையைவிட்டாள். ஒயர் விரலில் ஒட்டியது. கொதிக்கவில்லை, ஆனால் மேல்தோல் இளகிப் பெட்டியின் விளிம்போடு பிசின் போல ஒட்டியிருந்தது. விளிம்பு பழுப்பேறியிருந்தது. இன்னும் கொஞ்ச தூரம் ஓடியிருந்தால் என்ற நினைப்பை அவள் முடிக்கவில்லை. பிடித்து இழுத்தாள். செம்புக் கம்பி விரலைக் கிழித்தது. ப்ளோயரின் பியூஸையும் பிடுங்கினாள். அப்போதுதான், மூடியின் கீலுக்குப் பக்கத்தில் ஒரு மெல்லிய ஒயர் நசுங்கிப் பச்சை பூத்திருப்பது தெரிந்தது. காலையிலிருந்து தேடிய பழுது அதுதான். சந்தோஷப்பட அவளிடம் ஒன்றும் மிச்சமில்லை.

"என்ன பாய், இவ்ளோ தூரம்?" என்று கோபி வந்தான்.

சமீர் அவளை ஒரு பார்வை பார்த்தான். பிறகு, "ஒரு ஸ்க்ரூ மறந்துட்டோம்பா. அதான் போட்டுட்டுப் போலாம்னு" என்றான்.

"நல்ல வேளை வந்தீங்க. அத்தை வண்டில ஏறமாட்டேன்னு முக்கா மணி நேரமா குந்திட்டிருக்காங்க. பஸ்ஸுல போறாங்களாம்."

"ஏறுவனா நானு?" என்றாள் ஜோதியம்மாள் பெஞ்சிலிருந்தே. "வண்டில யாரோ கயிறு கட்டி வுட்டிருக்காங்கம்மா. நாங்க கட்டல, மாப்ளையும் கட்டல. செவப்புக் கயிறு, மூணு முடிச்சு. தேன்கனிக்கோட்டை தாண்டினதும் என்னமோ தீயற நாத்தம் வேற. அப்பவே நிறுத்துங்கன்னு கத்திட்டன். எவ வேலைன்னு எனக்குத் தெரியும். அந்த நாராயணம்மா."

நாராயணம்மா ஓசூரில் கோபி குடும்பம் குடியிருக்கிற வீட்டின் சொந்தக்காரி. பிள்ளை இல்லாதவள். பதினேழு நாளும் யுவஸ்ரீயின் பிள்ளைக்கு எண்ணெய் தடவிக் குளிப்பாட்டியவள் அவள்தான்.

"அந்த அம்மா அப்படியில்லம்மா" என்றாள் யுவஸ்ரீ மெதுவாக.

"நீ பேசாத. கிளம்பறப்ப வண்டிக்குள்ள தலைய வுட்டு அழுதாளே, எதுக்கு? பெத்தவளுக்கு வராத அழுவ அவளுக்கு ஏன் வருது? நாளைக்கு நான் ஓசூர் போறன். நாலு பேர் முன்னால நிக்க வெச்சிக் கேக்கறன்."

தில்ஷாத் கையை மூடியபடி நின்றாள். உள்ளங்கையில் அந்த ஒயர். யாரும் பார்க்கவில்லை. ஆபத்து நீங்கிவிட்டது. வாயை மூடிக்கொண்டு பைக்கில் ஏறினால் போதும். சொன்னால் நாளைக்குக் காலையில் கோபியின் கம்பெனி முழுக்கத் தெரிந்துவிடும். பொம்பளையிடம் ஒயர் வேலையை விட்டால் இப்படித்தான் என்பார்கள். முப்பது வண்டியும் போய்விடும். சமீர் கண்ணாலேயே வேண்டாம் என்றான். சாலையில் வரும்போது இருந்த பயம் வேறு. அப்போது ஓடுவதற்காவது ஒரு சாலை இருந்தது.

பார்த்தே அறியாத அந்த நாராயணம்மா தெருவில் நாலு பேர் நடுவே நிற்பது மட்டும் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

"கயிறு நான் கட்டினதும்மா" என்றாள்.

ஜோதியம்மாளுக்குப் புரியவில்லை. தில்ஷாத் கையை விரித்துக் காட்டினாள். ரத்தமும் கருகிய ஒயரும் ஒன்றாக இருந்தன. எதையும் விடாமல் சொன்னாள். சோதனைக்கு வைத்தது, டேப் இல்லாமல் நூல் கட்டியது, வேனுக்குப் போனது, கோயில் கயிறு என்று சமீர் விட்டது. "தீயற நாத்தம் இதான். அந்த அம்மா பேர்ல ஒரு குத்தமும் இல்ல. எல்லாம் என் தப்பு."

கோபி ஒயரை வாங்கிப் பார்த்தான். "உங்கள நம்பித்தான அக்கா வுட்டன்" என்றான். அவன் கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

ஜோதியம்மாள் பிள்ளையின் துணியை இழுத்து இழுத்துச் சரிசெய்தாள். பிறகு கேட்டாள். "பத்தியிருக்குமா?"

"பத்தியிருக்கும்மா."

"இப்ப?"

"இப்ப பத்தாது. ஒயரையும் எடுத்துட்டன், பியூஸையும் எடுத்துட்டன். காத்து வராது. மத்தபடி ஒண்ணும் ஆவாது."

"சத்தியம் பண்ணிச் சொல்லு."

"என் ரெண்டு பிள்ளைங்க மேல சத்தியமா."

அஞ்செட்டி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. படிக்கட்டில் ஆட்கள் தொங்கிக்கொண்டிருந்தார்கள். கண்டக்டர் பெஞ்சைப் பார்த்துக் கையை ஆட்டினார். யுவஸ்ரீ எழுந்தாள். ஜோதியம்மாள் அவள் முந்தானையைப் பிடித்து உட்கார வைத்தாள். பஸ் போய்விட்டது.

"வண்டிலயே போலாம்" என்றாள் ஜோதியம்மாள். எழுந்து தில்ஷாத்தின் முன்னால் வந்து நின்றாள். "நீயும் ஏறு. முன்னாடி குந்து, அந்த ஒயர் இருந்த பக்கம். பிள்ளைய நீயே மடில வெச்சிக்க. நாட்றாம்பாளையம் வந்ததும் குடு."

தில்ஷாத் சமீரைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். கடைக்காரரிடம் தண்ணீர் வாங்கி விரலைக் கழுவினாள். ரத்தம் பிள்ளைமேல் படாமலிருக்கக் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டாள். முன்சீட்டில் உட்கார்ந்ததும், ஜோதியம்மாள் பிள்ளையை அவள் மடியில் வைத்துவிட்டுப் பின்னால் போய் ஏறினாள். பிள்ளை மூன்று கிலோ சர்க்கரைப் பொட்டலத்தைவிடக் கொஞ்சம்தான் கனமாக இருந்தது. கோபி சாவியைத் திருப்பினான்.

சத்தியம் செய்தது வாய்தான். ஒயரை எடுத்தாயிற்று, பியூஸை எடுத்தாயிற்று, பத்தாது என்று அவளுக்கே தெரியும். ஆனாலும் காடு முடிகிற வரை அவள் மூச்சை இழுத்து இழுத்து முகர்ந்துகொண்டே வந்தாள். வழியில் பிள்ளை விழித்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. தில்ஷாத் ஒரு தடவையும் குனிந்து பார்க்கவில்லை. முழங்காலில் உரசிக்கொண்டிருந்த அந்த மூடியைவிட்டு அவளால் கண்ணை எடுக்க முடியவில்லை.